வீட்டில் பார்ப்பதா, கராஜுக்குக் கொடுப்பதா? மோட்டார் சைக்கிள் பராமரிப்பில் எங்கள் கணக்கு

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால், எங்கள் பிரதேசம் எதில் ஓடுகிறது என்பது தெரியும். மண்வெட்டியும் மருந்துத் தாங்கியும் கட்டிய மோட்டார் சைக்கிள் முரசுமோட்டை வயலுக்குப் போகும். மீன்பெட்டி கட்டிய ஒன்று தர்மபுரம் பக்கம் போகும். இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு தாய் பள்ளிக்கூடம் போவார். கண்டாவளை, ஊரியான், கல்லாறு போன்ற ஊர்களில் உள்ளவர்களுக்குப் பிரதான வீதிக்கு வருவதற்கே இந்த வண்டிதான் வேண்டும். அது ஒருநாள் நின்றால் அன்றைய உழைப்பும் நிற்கும். பல வீடுகளில் தவணைக் காசு மட்டும் நிற்பதில்லை.

ஆகவே "சின்ன வேலைதானே, நானே பார்க்கலாமா, கராஜில் விடலாமா" என்ற கேள்வி மாதத்துக்கு ஒருமுறையாவது வருகிறது. நான் கராஜ்காரன் அல்லன். முப்பது வருடத்துக்கு மேலாக மோட்டார் சைக்கிள் ஓடி, சிலதைச் சரியாகவும் சிலதைப் பிழையாகவும் செய்து பழகியவன். அந்த அனுபவத்தில், எந்த வேலை வீட்டுக்கு, எந்த வேலை கராஜுக்கு என்பதை இங்கே பிரித்து எழுதுகிறேன்.

எல்லோரும் மெக்கானிக்காக இருந்த காலம்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோலும் பற்றரியும் உதிரிப்பாகமும் எங்கள் பக்கம் வருவது தடைப்பட்டது. பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, அதைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைத் தொடக்குவோம். எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். பெற்றோல் சுலபமாக ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆகாது; அதனால்தான் அந்தச் சூடு தேவைப்பட்டது.

முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கில் கரியாகப் படியும். மிச்சம் சிலிண்டர் வழியாக வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். எனவே பிளக் கழற்றித் துடைப்பதும் ஒயிலைத் தொட்டுப் பார்ப்பதும் பல் விளக்குவது போல அன்றாட வேலையாயின. எம்.டி. 90, சி 90 வைத்திருந்த எவரிடமும் ஒரு பிளக் சாவி இருந்தது. எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிந்திருந்தது.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட் 11 இல் திரும்பவும் மூடப்பட்டது. 2009 இல் வண்டிகளை வழியெங்கும் கைவிட்டு உயிரோடு வந்தோம். மீளக்குடியேறியபின் லீசிங்கில் புது இந்திய வண்டிகள் வந்தன. பெற்றோல் கிடைத்தது, கராஜ்கள் திறந்தன, பிளக் சாவி தேவையற்றுப்போனது. அது நிம்மதிதான். ஆனால் அதோடு ஒரு பழக்கமும் போய்விட்டது. இன்று இருபது வயதுப் பிள்ளைக்கு ஒயில் அளவு பார்க்கத் தெரியாது. செயின் சத்தம் கேட்டாலும் அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டு ஓடுகிறார்.

2022 இல் அந்தப் பழக்கம் கொஞ்சம் திரும்பி வந்தது. ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் மட்டும். காற்றுக் குறைந்த ரயரும், காய்ந்த செயினும், உரசிக்கொண்டிருக்கும் பிரேக்கும் அந்த 4 லீற்றரில் எவ்வளவைத் தின்னும் என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

கணக்கு எங்கே இருக்கிறது?

ஒயிலும் பிளக்கும் எங்கே மாற்றினாலும் ஏறக்குறைய ஒரே விலை. கராஜில் கூடுதலாகக் கொடுப்பது கைக்கூலி. சின்ன வேலைகளுக்கு அது பெரிய தொகை அல்ல. கண்டாவளையில் இருப்பவருக்குப் பெரிய செலவு வேறு இடத்தில் இருக்கிறது: கிளிநொச்சிக்கோ பரந்தனுக்கோ போய், வரிசையில் காத்திருந்து, அரைநாள் கூலியை இழந்து திரும்புவது.

வீட்டில் செய்பவருக்கு ஆயுதச் செலவு ஒருமுறைதான். 8 இலிருந்து 17 மில்லிமீற்றர் வரையான ஸ்பனர்கள், பின்சில்லு அச்சு நட்டுக்குப் பொருந்தும் பெரிய ஸ்பனர், பிளக் சாவி, இரண்டு வகைத் திருப்புளி, ஒரு குறடு, காற்று அளவுமானி, பழைய சட்டி, துணி. இவ்வளவும் போதும். நாலு வீடு சேர்ந்து ஒரு செட் வாங்கலாம்.

ஆனாலும் வீட்டில் பார்ப்பதால் வரும் பெரிய இலாபம் கூலி மிச்சம் அல்ல. வாரம் ஒருதரம் வண்டிக்கு முன்னால் குந்தியிருப்பவன் பழுதைச் சிறிதாக இருக்கும்போதே காண்கிறான். சிறிய பழுதுக்குச் சிறிய காசு.

ஒரு வேலையைத் தொடமுன் மூன்று கேள்வி கேட்பது என் வழக்கம். எஞ்சினைத் திறக்கவேண்டுமா? என்னிடம் இல்லாத ஆயுதம் வேண்டுமா? நான் பிழைவிட்டால் ஓடும்போது ஆள் விழுமா? மூன்றுக்கும் "இல்லை" என்றால் வீட்டில் செய்யலாம். ஒன்றுக்கேனும் "ஓம்" என்றால், ஒருமுறை தெரிந்தவர் அருகில் இருந்து பழகியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் கராஜ்தான்.

இன்னொரு விடயம். புது வண்டிக்கு முகவர் தரும் இலவச சேர்விஸ் காலத்தில் வீட்டில் எதையும் கழற்றவேண்டாம். உத்தரவாதம் கெட்டுப்போகலாம்.

வீட்டில் செய்யக்கூடியவை

*எஞ்சின் ஒயில்.* எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஒயில் நன்றாக வடியும். நடு ஸ்ராண்டில் நிறுத்தி, அடியிலுள்ள வடிப்பு நட்டைக் கழற்றிச் சட்டியில் வடியவிடுங்கள். நட்டையும் அதன் வாசரையும் துடைத்துப் பூட்டுங்கள். எஞ்சின் உடம்பு அலுமினியம், நட்டு இரும்பு. பலத்தைக் காட்டினால் அலுமினியத்தின் புரிதான் தேயும். நான் ஒருதரம் ஸ்பனருக்குக் குழாய் போட்டு இறுக்கிப் புரியைத் தேய்த்துவிட்டேன். லேத் பட்டறையில் புதுப் புரி வெட்டக் கொடுத்த காசு பல வருட ஒயில் மாற்றக் கூலிக்குச் சமம். குட்டை ஸ்பனர், கைப்பலம், அவ்வளவுதான்.

100 சிசி வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரு லீற்றர் அல்லது அதற்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். போத்தலை முழுதாகக் கவிழ்க்காமல் அளவுக்கோலைப் பார்த்து ஊற்றுங்கள். சில வண்டிகளில் அளவுக்கோலைத் திருகாமல் செருகிப் பார்க்கவேண்டும். சிலவற்றில் எஞ்சின் பக்கத்தில் கண்ணாடி வட்டம் இருக்கும். போத்தலில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே ஓடுகின்றன. கார் ஒயில் ஊற்றினால் அவை வழுக்கத் தொடங்கலாம். 10டபிள்யூ-30 ஆ, 20டபிள்யூ-50 ஆ என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். கையேடு சொல்வதை ஊற்றுங்கள். எங்கள் கிரவல் புழுதிக்குக் கையேட்டிலுள்ள தூரத்துக்கு முன்னரே மாற்றுவது நல்லது.

பழைய ஒயிலை வேலிக் கட்டைக்குக் கறையானுக்குப் பூசுவது எங்கள் வழக்கம். கிணற்றடியிலும் வாய்க்காலிலும் ஊற்றாதீர்கள். எரிந்த ஒயில் தோலுக்கும் கூடாது. கையுறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையையாவது கையில் போட்டுக்கொள்ளுங்கள்.

*செயின்.* ஆனையிறவுப் பக்கத்து உப்புக்காற்றும் வயல் சேறும் செயினுக்கு எமன். மண்ணெண்ணெயும் பழைய பல்தூரிகையும் கொண்டு கழுவி, துடைத்துக் காயவிட்டு, 90 ஆம் இலக்கக் கியர் ஒயிலைத் துளித்துளியாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எரிந்த ஒயிலைப் பூசினால் புழுதி ஒட்டி அரைக்கும் மாவாகிவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது செயினைத் துடைக்கவே கூடாது. துணியோடு சேர்த்து விரலையும் இழுத்துக்கொண்டு போகும்.

கீழ்ச்செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் பெரும்பாலான வண்டிகளில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆடவேண்டும். சில்லைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் பாருங்கள். ஆக இறுக்கமான இடத்தில் வரும் அளவுதான் சரியான அளவு. இரண்டு பக்க அளவுக்கோடுகளும் ஒரே இலக்கத்தில் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் பின்சில்லு சரிந்து நிற்கும். முடிவில் அச்சு நட்டை நன்றாக இறுக்கி, கொட்டர் பின் இருந்தால் பூட்டி, பின்பிரேக்கையும் மறுபடி சரிபாருங்கள். சில்லு பின்னுக்குப் போனால் பிரேக்கும் மாறும். இணைப்புக் கிளிப் உள்ள செயினில் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கவேண்டும். பற்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் இனிச் செயினை இறுக்கிப் பயனில்லை. முழுச் செட்டையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

*எயார் பில்டர்.* இது பஞ்சு என்றால் மண்ணெண்ணெயில் கழுவிப் பிழிந்து, காயவிட்டு, சுத்தமான எஞ்சின் ஒயிலில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து பூட்டுங்கள். காய்ந்த கடதாசி என்றால் கழுவக்கூடாது. தட்டி, உட்பக்கத்திலிருந்து வெளியே காற்றடிக்கலாம். ஒயில் ஊறிய கடதாசி வகையைச் சுத்தம் செய்யாமல் மாற்றவேண்டியதுதான். சூடு அடிக்கும் மாதங்களில் நெல்லு ஏற்றும் பாதைகளில் ஓடுபவர்கள் இதை அடிக்கடி பாருங்கள். பில்டர் அடைத்தால் பெற்றோல் கூடக் குடிக்கும், கரும்புகை வரும், வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரும்.

*பிளக்.* எஞ்சின் ஆறியபின் கழற்றுங்கள். முனை வெளிர் மண்ணிறம் என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பில்டரையோ காபரேற்றரையோ பாருங்கள். ஒயில் பூசினாற்போல் ஈரக்கரி என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம், கராஜில் காட்டுங்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. திரும்பப் பூட்டும்போது முதலில் விரலாலேயே பல சுற்றுத் திருகி, கடைசியில் மட்டும் சாவி போடுங்கள்.

*பிரேக்கும் கேபிளும்.* பெட்டிப் பிரேக்கில் நட்டைத் திருகித் தளர்வைச் சரிசெய்வது வீட்டு வேலை. சரிசெய்தபின் சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து உரசுகிறதா என்று கேளுங்கள். பிரேக் தட்டில் பல வண்டிகளுக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அம்பு தட்டிலுள்ள அடையாளத்தை எட்டினால் சூ தேய்ந்துவிட்டது; இனி இறுக்கவேண்டாம், மாற்றவேண்டும். தும்பு பிரிந்த கேபிளோடு ஒருநாளும் ஓடாதீர்கள்.

*காற்று.* வாரம் ஒருதரம், வண்டி ஓடமுன், ரயர் குளிராக இருக்கும்போது பாருங்கள். செயின் மூடியில் ஒட்டிய சீட்டில் அளவு இருக்கும். பல 100 சிசி வண்டிகளுக்குத் தனி ஆளுக்கு முன்சில்லு 25, பின்சில்லு 28. பின்னால் ஆளோ மூட்டையோ ஏற்றினால் பின்சில்லுக்குக் கூட வேண்டும்.

கராஜுக்குக் கொடுக்கவேண்டியவை

கிளச் தட்டு, பிஸ்டன் ரிங், வால்வு இடைவெளி, எஞ்சினுக்குள் கேட்கும் எந்தத் தட்டுச் சத்தமும் கராஜ் வேலை. வால்வு இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்றுக்கும் குறைவான அளவில் நிற்கிறது. கண்மதிப்பில் வைத்தால் வால்வு எரியும். முன்போர்க்கில் ஒயில் கசிவு, சில்லு நெளிவு எடுப்பது, ஹாண்டில் பெயாரிங், டிஸ்க் பிரேக்கின் திரவ வேலை எல்லாம் அப்படியே. டிஸ்க் குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றாலே பிரேக் பிடிக்காது. பெட்டிப் பிரேக்கின் சூ மாற்றுவதையும் முதல் இரண்டு தடவை தெரிந்தவரோடு செய்யுங்கள். அதற்குள் இருக்கும் தூசை வாயால் ஊதாதீர்கள். பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கலாம்.

எங்கள் வீதிகளில் ஓடும் வண்டிகளில் பெரும்பகுதி இன்னும் காபரேற்றர் வண்டிகளே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கம் வரை முடங்கிக் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம். இவை வீட்டுக் கைக்கு அடங்கும். இனி வருபவற்றில் பெற்றோலை மின்னணு முறையில் பீச்சும் வகை கூடுதலாக இருக்கும். அதில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வயர்களைக் கழற்றிப் பரிசோதிக்காமல் அதற்குரிய கருவி உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பெண்கள் அதிகம் ஓடும் ஸ்கூட்டர்களுக்குச் செயின் இல்லை, உள்ளே பெல்ட் ஓடுகிறது. பெல்ட்டும் உருளைகளும் கராஜ் வேலை. எஞ்சின் ஒயில், காற்று, பில்டர், பிரேக் கேபிள் நான்கையும் வீட்டில் பார்க்கலாம். ஸ்கூட்டருக்குப் பின்பக்கக் கியர் ஒயில் தனியாக உண்டு என்பதைக் கராஜில் ஞாபகப்படுத்துங்கள். காலை இழந்தவர்கள் பக்கச்சில்லு பூட்டி ஓடும் வண்டிகளில், ஒட்டுவேலை செய்த மூட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று வாரந்தோறும் துடைத்துப் பார்க்கவேண்டும். வெடிப்பின் ஓரத்தில் முதலில் துருக்கோடு தெரியும். கண்டால் அன்றே ஒட்டக் கொடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2018 டிசெம்பர் பிற்பகுதியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் நீர் ஏறியபோது என் வண்டி இருக்கை மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டியும் அப்படித்தான். நீர் வடிந்த அன்றே அவர் தள்ளித் தள்ளித் தொடக்கினார். "அண்ணை, என்ரை பிடிச்சிட்டுது, உங்கடை என்ன?" என்று சந்தோசமாகக் கேட்டார்.

நான் ஒயிலை வடித்துப் பார்த்தேன். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. ஒயிலோடு தண்ணீர் கலந்தால் அந்த நிறம். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்துச் சிலிண்டரில் நின்ற நீரை வெளியேற்றினேன். காபரேற்றர் அடிக்கிண்ணத்தையும் பெற்றோல் தாங்கியையும் வடித்தேன். பில்டரையும் அதன் பெட்டியையும் காயவைத்தேன். மலிவான ஒயில் ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு வடித்தேன்; நிறம் தெளியாததால் இன்னொருதரம் செய்தேன். பிறகே நல்ல ஒயில். பிரேக் பெட்டிகளைத் திறந்து சேறு எடுக்கக் கராஜில் கொடுத்தேன். என் வண்டி இன்றும் ஓடுகிறது. தம்பியின் எஞ்சின் சில மாதத்தில் பெயாரிங் போய்த் திறக்கவேண்டி வந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டியை ஒயில் பார்க்காமல் தொடக்காதீர்கள். இந்த ஒன்றையாவது பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

கராஜில் எப்படிக் கொடுப்பது?

ஒருதரம் "எல்லாத்தையும் ஒருக்கால் பாருங்கோ தம்பி" என்று சொல்லி வண்டியை விட்டேன். மாலையில் நான் கேட்காத மூன்று சாமான் மாற்றிய கணக்கு வந்தது. பழையவை எங்கே என்றால் "எறிஞ்சிட்டம் அண்ணை". அவை பழுதாகவே இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது என்பதுதான் பிரச்சினை. பிழையில் பாதி என்னுடையது. என்ன வருத்தம் என்று சொல்லாமல் வைத்தியரிடம் போனவன் நான்.

அதற்குப்பின் நான்கு பழக்கம் வைத்திருக்கிறேன். என்ன சத்தம், எப்போது வருகிறது, சூட்டிலா குளிரிலா என்று சொல்வேன். சாமான் மாற்றமுன் ஒரு அழைப்பு எடுக்கச் சொல்வேன். கழற்றிய பழைய சாமானை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்வேன். திகதி, கிலோமீற்றர், செய்த வேலை மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுவேன். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபிப்பதில்லை. அவருக்கும் நேரம் மிச்சம். அப்படிப்பட்டவர் கிடைத்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள். அவருடைய காது எங்களிடம் இல்லாத ஆயுதம்.

சுருக்கமாகச் சொன்னால்: ஒயில், செயின், பில்டர், பிளக், காற்று, பிரேக் தளர்வு ஆகிய ஆறையும் நீங்கள் பாருங்கள். எஞ்சினுக்குள் இருப்பதையும் விழுத்தக்கூடியதையும் தெரிந்த கையிடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் போதும். மகனை மட்டுமல்ல, மகளையும் பக்கத்தில் இருத்துங்கள். தடைக்காலத்தில் வேறு வழியில்லாமல் கற்றதை, இப்போது ஆறுதலாக இருந்து அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கலாம். காட்டுப் பாதையில் இருட்டும் நேரம் வண்டி நின்றால், எங்கே கை வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.